ரேடியோ செட்டு மகன் அமாவாசைக்குப் படம் எடுக்கப் போகிறான்

நீ என்னிடம் பொய் சொன்னாய். ஆடி அமாவாசை அன்று கேமராவில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, வண்டியும் பஞ்சர், அதனால்தான் விடிந்து வந்தேன் என்றாய். சார்ஜ் தீரவில்லை. வண்டி பஞ்சர் ஆகவில்லை. ஐயனார் கோயில் குதிரைகளுக்குப் பக்கத்தில் உன்னைத் தரையில் உட்கார வைத்து, விடியும்வரை எழுந்திருக்க விடாமல் ஊர்ப் பையன்கள் சுற்றி நின்றிருக்கிறார்கள். எடுத்த படங்களை உன் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நேற்றுவரை தெரியாதவன்போல உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆவணி அமாவாசைக்கு மழை வந்து உன்னை வீட்டிலேயே நிறுத்தியது. இப்போது புரட்டாசி அமாவாசை வந்துவிட்டது. நாளை மறுபடியும் அதே இடத்துக்குப் போகப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், எந்த ராத்திரி வானத்தில் எது எங்கே நிற்கும் என்று காட்டுகிற, நீ கற்றுக்கொடுத்த ஆப் என் போனிலும் இருக்கிறது.

இதை உன் கையில் கொடுக்காமல் நாலு பேர் படிக்க எழுதுகிறேன் என்று கோபப்படாதே. வீட்டில் பேசினால் நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாய். அதுவுமில்லாமல் இது நம் வீட்டுக்குள் மட்டும் இருக்கிற பயம் இல்லை. அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஏரியும் ஐயனாரும் இருக்கிற ஊர்களில் ஒன்று. அவ்வளவு போதும்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விசேஷங்களுக்கு மைக், லைட் கட்டுகிறவன். ரேடியோ செட்டுக்காரன் என்பார்கள். என் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று முடி சுமந்தவர். நான் ஆம்ப்ளிஃபயர் சுமக்கிறேன். என் மகன் டிகிரி முடித்து, பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறான். அவனுக்கு இருபத்துநாலு வயது. கல்யாண முகங்களைப் பார்த்துச் சலித்துப்போய் ராத்திரி வானத்தைப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டான். என் பிழைப்புக்கு வெளிச்சம் வேண்டும், அவனுக்கு இருட்டு வேண்டும் என்று அவன் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கிண்டல் செய்வாள்.

தம்பி, இந்த ஆசை உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் அதே ஐயனார் கோயில் திருவிழா. ஜெனரேட்டர் பார்க்க ஆள் வராததால் நீ கூட வந்தாய். சென்னையிலிருந்து ஒரு காரில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். மூன்று கால் ஸ்டாண்டை விரித்தார்கள். திருவிழாக் கமிட்டித் தலைவர் அவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், என்னைக் கூப்பிட்டு, சீரியல் செட்டைக் கொஞ்ச நேரம் அணை, சார் வானத்தைப் படம் எடுக்கணுமாம் என்றார். என் கையாலேயே அணைத்தேன். குதிரைகளின் காலடியில் போய்க் குனிந்து, படுத்து, எப்படியெல்லாமோ எடுத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் நல்ல மனிதர். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற உன்னிடம் வந்து கேமராத் திரையைக் காட்டினார். வெள்ளைப் பெயின்ட் அடித்த சிமெண்டுக் குதிரை, அதற்கு மேலே புகை மாதிரி சாய்ந்து கிடந்த பால்வீதி. இப்போது சாய்ந்திருக்கிறது தம்பி, மழைக்காலம் நெருங்கும்போது எழுந்து நேராக நிற்கும், குதிரை தலையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கும், இந்த ஆப்பில் பார்த்தால் எந்த நாள், எந்த இடம் என்று எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அந்தக் குதிரையின் காலடி எல்லாரும் போகிற இடம்தான். உன் முகத்தை அன்றைக்குப் பார்த்தேன். அப்போதே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடத் தோன்றியது.

ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கோயிலுக்கு நான் எப்படி லைட் கட்டுகிறேன் என்று நீ பார்த்திருக்கிறாய். எல்லையில் ஒரு வேல் நட்டிருக்கிறார்கள். ஒயரை வேல் வரைக்கும் நான் கொண்டுபோகலாம். அதற்கு மேல் அவர்கள் பையன்கள் வாங்கிக்கொண்டு போய் உள்ளே கட்டுவார்கள். பல்பு எரியவில்லை என்றால் வேலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இடது கை ஓரம் மூணாவது பல்ப திருகுங்க தம்பி, அது இல்லீங்க, அதுக்கு அடுத்தது என்று நான் கத்துவேன். என் மீசைக்குப் பாதி வயது இல்லாத பையன்கள். அவர்களுக்குத்தான் அந்த 'ங்க'. நான் கட்டிய வெளிச்சம் உள்ளே போகும், நான் போக மாட்டேன். இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கேஸ் போடலாம்.

நீ ஆப்பை இறக்கிப் பழகிய நாட்களில் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பையன் குடிக்கவில்லை, கட்சிக்கொடி பிடித்து அலையவில்லை, நட்சத்திரம் பார்க்கிறான் என்று நினைத்தேன். வாலிகண்டபுரம் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு நான் பந்தலில் ஏறி டியூப் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே நின்று போனை வானத்துக்குக் காட்டி, அப்பா இப்ப இந்தப் பகல்லயும் அது அங்கதான் இருக்கு, நமக்குத்தான் தெரியல என்று கத்தினாய். பந்தல்காரர் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

ஆடி அமாவாசை கழிந்து ஆவணி பிறந்ததும், ஒரு காதுகுத்துக்கு செட்டு வேண்டும் என்று கமிட்டித் தலைவர் கூப்பிட்டு விட்டார். போனேன். பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஏப்பா ரேடியோ செட்டு, உன் மவனுக்குப் புத்தி சொல்லக் கூடாதா? அமாவாச அன்னிக்கு நெத்தியில செவப்பு லைட்ட மாட்டிக்கிட்டு, குதிர காலடியில குந்தியிருக்கான். செல திருட வந்தவன்னு பசங்க கட்டையத் தூக்கிட்டானுவ. எந்த ஊருடா, எந்தத் தெருடான்னா காலேஜ் பேரச் சொல்றானாம். கடைசியில ரேடியோ செட்டு மவன்னு சொன்னதால அடிக்காம, படத்த அழிக்க வச்சு, விடியிற வரைக்கும் குந்த வச்சு வுட்டானுவ. இல்லன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்குமோ."

அப்புறம் சிரித்துக்கொண்டே, மறுநாள் மஞ்சள் தண்ணி தெளிச்சுட்டோம், அதோட சரி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத என்றார். கழுவினார்களாம். நாலு பேர் காரில் வந்து படுத்துப் புரண்ட இடத்தைக் கழுவவில்லை. நீ உட்கார்ந்த இடத்தைக் கழுவியிருக்கிறார்கள். அதை என்னிடமே, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொல்கிறார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்னப் பையன்ங்க, தெரியாம வந்துட்டான். நல்லவேள விட்டீங்க" என்றேன். கையைக் கூடக் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். உன் முழங்காலில் சிராய்ப்பு இருந்ததே, கேட்டதற்கு வண்டி சறுக்கியது என்றாயே, அது என் கண் முன்னால் வந்து நின்றது. அப்போதும் கும்பிட்டேன். காதுகுத்துக்கு செட்டு கட்டினேன். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து, பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. பயம். கட்டையைத் தூக்கினார்கள் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் வேறு எதையும் சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கும் அந்த ஆப்பைக் கற்றுக்கொடு என்று உன்னிடம் கேட்டேன். அப்பனுக்கு வானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது என்று நீ நம்பினாய். எனக்கு வானம் வேண்டாம். நீ எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு நிற்பாய் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செட்டு ரூமில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாய். மேப்பில் ஒரு குறி நீ நிற்கும் இடம், இன்னொரு குறி படத்தில் வர வேண்டிய பொருள். கீழே விரலால் நேரத்தைத் தள்ளினால் பால்வீதியின் கோடு சுற்றி வரும். நிலா எப்போது மறைகிறது, எந்த ராத்திரி முழு இருட்டு, எல்லாம் காட்டும். போனைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருக்கிற சுவருக்கு மேலேயே கோடு போட்டுக் காட்டும். தெற்கே காட்ட வேண்டிய கோடு எனக்கு மட்டும் வடமேற்கே காட்டியது. இரண்டு தடவை அழித்து மறுபடி போட்டேன். அப்போதும் அங்கேயே போய் நின்றது. நீ எட்டிப் பார்த்து, அப்பா உன் பால்வீதி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு மேல உதிக்குது என்று சிரித்தாய். நான் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, போனை அதன் மேலேயே வைத்து வைத்து எடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற காந்தம் போனின் திசையைத் திருப்பிவிட்டது. உலகத்தில் ரேடியோ செட்டுக்காரனுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும். வாசலுக்குக் கூட்டிப்போய், போனைக் காற்றில் எட்டு மாதிரி சுற்று என்றாய். சுற்றினேன். உன் அம்மா பார்த்துவிட்டு, போனுக்கு எதுக்கு ஆரத்தி எடுக்கிறீர்கள் என்றாள். அன்றைக்கு மூன்று பேரும் நன்றாகச் சிரித்தோம். சிரிக்கும்போதும் எனக்கு உள்ளே ஒரே நினைப்புதான்: கட்டையைத் தூக்கினவன் யார், அவனுக்கு நான் 'தம்பி வாங்க' சொல்லியிருப்பேனா.

கற்றுக்கொண்ட பிறகு ராத்திரி எல்லாம் அதையேதான் பார்க்கிறேன். அந்த ஆப் எவ்வளவோ சொல்கிறது தம்பி. ஒன்றே ஒன்றைச் சொல்ல மாட்டேன் என்கிறது. நீ குறி வைக்கிற இடம் யாருடைய இடம், அங்கே நிற்பவனை என்ன கேட்பார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. அதனால் நானே குறி வைத்தேன். நான் லைட் கட்டப் போகிற ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குறி. ரேடியோ செட்டு மகன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நான் நம்புகிற ஊர்கள் அவை. வைத்து முடித்துப் பார்த்தால், வண்டியில் ஒரு பீடி பிடிக்கிற நேரத்துக்குள் சுற்றிவிடலாம். அவ்வளவு சின்ன வட்டம். அரும்பாவூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நல்ல இருட்டு, அடுத்த வருஷம் அங்கே போகணும் என்று சொன்னாயே, அங்கே எனக்கு ஒரு குறியும் இல்லை. வரதராஜன்பேட்டைக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், வேறு ஒருவர் செட்டுக்குக் கூலியாக. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலை வெளிச்சத்தில் வானம் வெளுத்துக் கிடக்கிறது, அங்கே படம் வராது என்கிறாய். எனக்கு அந்த வெளுத்த வானம் பிடித்திருக்கிறது. அங்கே உனக்கு வேலை இல்லை.

இன்னொன்றும் செய்தேன், அது உனக்குத் தெரியும். நம் தெரு தண்ணீர் டேங்கை வைத்து ஒரு படம் திட்டம் போட்டேன். அரசமரத்தடியிலிருந்து பார்த்தால், இதே அமாவாசையில், இருட்டிய கொஞ்ச நேரத்தில் பால்வீதி டேங்க்கின் தலைக்கு மேல் நேராக நிற்கிறது. ஆப்பில் எல்லாம் சரியாக வந்தது. தெரு லைட்டுகளை நான் அணைத்துத் தருகிறேன், கம்பத்துக்குக் கம்பம் எனக்குத் தெரியும் என்றேன். உன்னிடம் காட்டியபோது பரீட்சைத் தாளைக் காட்டுகிற பையன் மாதிரி நின்றேன். நீ விரலால் நேரத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். பிறகு மெதுவாகத்தான் சொன்னாய்.

"திட்டம் நல்லாத்தான் போட்டிருக்கப்பா. ஆனா நம்ம தெருவுக்குள்ளயே நில்லுன்னு சொல்ற. அதையேதான் ஊர்க்காரனுங்களும் சொல்றானுங்க."

நீ சொன்னது சரிதான். வேல் நட்டவன் செய்கிற வேலையை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, போனில் செய்துகொண்டிருக்கிறேன். அவர்கள் ராத்திரி முழுக்க முழித்து உன்னைக் காவல் காக்க வேண்டாம், உன் அப்பனே போதும். எங்கள் அப்பா என்னிடம் இதையேதான் செய்தார். அந்தப் பக்கம் போகாதே, சைக்கிளை விட்டு இறங்கி நட, சிரித்துக்கொண்டே பேசு. அவர் அடித்ததெல்லாம் நான் அடி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. அவரைக் கோழை என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். இன்றைக்கு அதே சொல்லை நீ என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

குதிரைக்கு ஏன் அவ்வளவு பக்கத்தில் போக வேண்டும், ரோட்டில் நின்று எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். தூர நின்றால் குதிரை எறும்பு மாதிரி இருக்கும்ப்பா, கிட்டப் போய்க் கீழே உட்கார்ந்தால்தான் அது வானத்தில் ஏறும் என்று விளக்கினாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, அவன் வானத்தத்தான படம் புடிக்கிறான், வானம் யாரு பட்டாவுல இருக்கு என்றாள். அவள் சொல்வது நியாயம். ஆனால் படம் எடுக்கிறவனின் கால் வானத்தில் இல்லையே. அதுவும் அமாவாசை. உன் ஆப்புக்கு அமாவாசை என்றால் நிலா இல்லாத நல்ல நாள். ஊருக்கு அமாவாசை என்றால் சிலை திருடுகிறவன் வருகிற நாள், புதையல் தோண்டுகிறவன் வருகிற நாள். ஒவ்வொரு ஊரிலும் அன்றைக்கு நாலு பேர் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்கு இருட்டு பழக வேண்டும் என்று நீ நெற்றியில் கட்டுகிற சிவப்பு லைட் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் நம் மொட்டை மாடியில் வைத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கே திருடன் என்றுதான் தோன்றியது. நீ கட்டியிருந்தால் மனிதன் தெரிய மாட்டான், சிவப்பு மட்டும் அசையும்.

அதனால் சொல்கிறேன். பகலில் ஒரு தடவை போய் டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேர் முகம் பார்க்கிற மாதிரி டீ குடித்துவிட்டு வா. வெள்ளை டார்ச் ஒன்று கையில் வைத்துக்கொள். யாராவது வருவது தெரிந்தால் அதை உன் முகத்திலேயே அடித்துக் காட்டு. ஸ்டாண்டை மடக்கித் தோளில் சாத்தாதே, கடப்பாரை மாதிரி தெரிகிறது. வண்டியை ஒளித்து நிறுத்தாதே. ஓடாதே. எது நடந்தாலும் ஓடாதே, ஓடினால் திருடன் என்று முடிவு செய்துவிடுவார்கள். எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. சென்னைக்காரர்களுக்கு அவர்கள் அப்பா இதையெல்லாம் சொல்லி அனுப்பியிருப்பாரா? லென்ஸ் பத்திரம் என்று சொல்லியிருப்பார். நான் உன்னிடம் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கவனித்தாயா?

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. போ என்றும் எழுத முடியவில்லை. நானும் வருகிறேன் என்று எழுதலாம். வந்தால் அவர்களைப் பார்த்தவுடன் என் கை தானாகக் கும்பிடும், அதை நீ பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அதுவும் பயம்.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. அன்றைக்கு நீ என்னைச் சொல்லித் தப்பித்திருக்கிறாய். அது என் பெயர்கூட இல்லை. இத்தனை வருஷம் லைட் கட்டியும் அந்த ஊரில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. ரேடியோ செட்டு. அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். டிகிரியைச் சொல்லிப் பார்த்தாய், வேலையைச் சொல்லிப் பார்த்தாய், எதுவும் செல்லவில்லை. கடைசியில் வேலுக்கு வெளியே நிற்கிறவனின் மகன் என்று சொன்ன பிறகுதான் கட்டையைக் கீழே போட்டிருக்கிறார்கள். அதனால்தான் பொய் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அடி விழ இருந்ததை மறைக்க அல்ல. என் பட்டத்தைச் சொன்னதை மறைக்க. இனிமேல் அதைச் சொல்ல மாட்டேன் என்று நீ உனக்குள் முடிவு செய்துவிட்டாய் என்றும் தெரியும். உன் மூஞ்சியில் எழுதியிருக்கிறது.

மானம் உள்ள பிள்ளைக்கு அப்பனாக இருப்பது பெருமை என்று மேடையில் பேசுவார்கள். அந்த மைக்கைக் கட்டிக்கொடுத்துவிட்டு நான் கீழே உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பெருமை வேண்டாம். ரேடியோ செட்டு மகன் என்று நீ சொல்ல வேண்டும். அசிங்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்றும் எனக்குள் ஒருவன் கத்துகிறான். அவனை நான் அடக்கி வைத்திருக்கிறேன்.

அவர்கள் கேட்டால் அப்படிச் சொல்வாயா என்று நேற்றுச் சாயங்காலம் நேரிலேயே கேட்டுவிட்டேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பேட்டரி இரண்டும் சார்ஜில் கிடந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தாய், பிறகு லென்ஸில் ஊதினாய், மறுபடி துடைத்தாய். உன் அம்மா தண்ணீர் பிடிக்கிற குடத்தை நிரம்பி வழிய விட்டுவிட்டு நம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுத்தில் மறுபடியும் கேட்கிறேன். நாளைக்கு அந்தக் குதிரையின் காலடியில் நீ உட்கார்ந்திருக்கும்போது, இருட்டுக்குள்ளிருந்து அவர்கள் வந்து நின்று, யாருடா நீ என்று கேட்டால் என்ன சொல்வாய்? வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால் அதை எனக்குச் சொல்லிவிட்டுப் போ.